துப்பாக்கி விக்கப் போற மாப்ளைக்கு

என்ன மாப்ளே, ஒங்க தாத்தாவோட ரெட்டைக்குழலை விக்கப் போறீகளாமே? தாராளமா வில்லுங்க. ஆனா எவனாச்சும் ஏன்னு கேட்டா, காரணத்தைக் கொஞ்சம் ஜோடிச்சுச் சொல்லுங்க. துப்பாக்கி வித்த எவனும் நெசக் காரணத்தைச் சொன்னதா இந்தச் சுத்துப்பட்டுல பேச்சே கிடையாது.

மேலத்தெரு பண்ணையாரு, "உசுரக் கொல்றது பாவம்னு குடுத்துட்டேன்"ம்பாரு. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு. 1991ல அதை இறுக்கி வேட்டைக்கே பூட்டுப் போட்டாக. அதுக்கப்புறந்தான் அவருக்கு ஜீவகாருண்யம் முளைச்சது. ஞாயித்துக்கெழம கறிக்கடையில இன்னும் மொத ஆளு அவருதான். அவரு சம்பந்தி மூணு வச்சிருந்தாரு. ஆளுக்கு ரெண்டுதான்னு 2019ல சட்டத்தைத் திருத்தவும், மூணாவதைச் 'சிநேகிதத்துக்காக' விட்டுக் குடுத்தாராம்.

எனக்குத் தெரிஞ்சு பாதிப்பேரு வித்தது எலெக்சனாலதான். தேதி அறிவிச்சுட்டா போதும், ஏட்டையா வாசல்ல வந்து நிப்பாரு. பச்சப்புள்ளையாட்டம் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போயி, ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும். சட்டசபை, பாராளுமன்றம், உள்ளாட்சின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். ஊருக்குள்ள நெசமாவே அடிதடி நடக்குற மாசம் பாத்து அது ஸ்டேஷன் மூலையில தூங்கும். வாக்கு எண்ணி முடிச்சு வாங்கியாந்தா, கட்டையில நூலுல கட்டுன சீட்டு தொங்கும். நான் ஒரு தடவை குழலைத் தொறந்து வெளிச்சத்துல பாத்தேன், வலது குழல்ல குளவி மண்ணு பூசிக் குடியேறியிருக்கு.

காட்டுப்பன்னிய வெரட்ட ஆகுமேம்பீக. காட்டை விட்டு 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்னியக்கூட வனத்துறை ஆளுதான் சுடணும் மாப்ளே. நீங்க தகர டப்பாவத் தட்டலாம், அதுக்கு இன்னும் லைசென்ஸ் கேக்கல.

வாங்குறவருகிட்டயும் லைசென்ஸ் இருக்கணும், மறந்துறாதீக. இன்னாருக்கு விக்கிறேன்னு பேரு, விலாசத்தோட கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் குடுத்துட்டு 45 நாள் பொறுக்கணும். பொண்ணு பாத்து, பூ வச்சு, கல்யாணத்தையே முடிச்சுரலாம் அதுக்குள்ள.

சரி, ஒங்க காரணம் என்ன? வீட்டுல கொழந்தைக ஓடியாடுதுன்னு சொல்லப்போறீக, நல்ல காரணந்தான், மூஞ்சிக்கும் பொருந்தும். எங்க அண்ணன் மக போன்ல சொன்னது வேற. துப்பாக்கி மாட்டியிருக்கிற செவுத்துலதான் ஏசி வைக்கணுமாம். நான் வெளிய சொல்ல மாட்டேன். டீக்கடையில நாலு பேருகிட்ட சொன்னதோட சரி.

அந்தத் தோல் உறைய மட்டும் சேத்து வித்துறாதீக. அதுக்கு லைசென்ஸும் வேணாம், 45 நாளும் வேணாம். என் கைத்தடிக்கு அளவாத்தான் இருக்கு. தோள்ல போட்டுக்கிட்டு சாயங்காலமா வரப்புல நடந்தா, மடையத் திருட்டுத்தனமாத் தொறக்குற பக்கத்துத் தோட்டத்துக்காரன் எப்படி வணக்கம் போடுறான்னு பாக்கணும்.