தண்ணித் தொட்டி முதல் துணிக்கொடி வரை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், ஆங்கில மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மூன்றே கேள்விகள். உன் ஆர்வங்கள் என்ன? எழுதுவது என்றால் உனக்கு எப்படி இருக்கும்? நீ எந்த முறையில் கற்கிறாய்? "உண்மையை எழுதுங்க, இதுக்கு மார்க் கிடையாது" என்றார். மார்க் இல்லாத பரீட்சையை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பழக்கதோஷத்தில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தேன். செஸ், நீச்சல், சமூக சேவை என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு இருக்கிற ஆர்வங்கள் வேறு ரகம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்து, அவர் கியர் போடுவதைப் பார்ப்பது. கிரைண்டரில் மாவு தள்ளிவிடுவது. வடையைத் தின்றுவிட்டு, அதைச் சுற்றி வந்த எண்ணெய்த் தாளைப் படிப்பது. கடைசியை மட்டும் 'வாசிப்பு' என்று எழுதினேன்.

எழுதுவது பற்றிய என் உணர்வு கட்டுரை நோட்டிலிருந்து தொடங்குகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. என்னிடம் இருந்த ஒரே முன்னுரை, மழைநீர் சேகரிப்பு முதல் விண்வெளி ஆய்வு வரை எல்லாவற்றுக்கும் உழைத்தது. துணைத்தலைப்புக்குக் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுவதற்கு ஆன நேரத்தில் இன்னொரு கட்டுரையே எழுதியிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் முதல் பெஞ்சுக்காரன் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்தான். ரோஷத்தில் நானும் எழுந்தேன். வாங்கியாயிற்று, எழுத ஒன்றுமில்லை. காடுகளைப் பற்றி ஏற்கெனவே எழுதிய பத்தியையே 'வனவளம்' என்று வேறு தலைப்பிட்டு மறுபடி எழுதி, நூலால் கட்டிக் கொடுத்தேன். இரண்டுக்கும் டிக் விழுந்தது. எழுத்தின் மேல் இருந்த பயம் அன்றோடு போயிற்று, மரியாதையும்.

மூன்றாவது கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள்: பார்த்து, கேட்டு, படித்து எழுதி, செய்து. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நான் நடந்து படிப்பவன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணித் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை பதினோரு அடி. ஓம் விதி தொட்டியருகே இருக்கிறது. ஒளிவிலகல், அம்மாவின் ஈரப்புடவை காயும் இடத்தில். பரீட்சை ஹாலில் நடக்க முடியாது என்பதால் பெஞ்சுக்கு அடியில் கால் மட்டும் நடக்கும். ஒருமுறை சூப்பர்வைசர் குனிந்து, "அவசரம்னா போய்ட்டு வாப்பா" என்றார். துணிக்கொடியை நெருங்கிக்கொண்டிருந்த நான் பாதியில் தொலைந்தேன்.

அந்த நான்கு கட்டங்களின் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் பார்த்தேன். நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங், இன்னொருவருடன் சேர்ந்து 1992இல் எழுதிய கட்டுரையில் போய் நின்றது. 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நால்வர், ஆளுக்கேற்ற பாணியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார்கள். இது தெரியாமல் நான் அன்று கால் மணி நேரம் பேனா மூடியைக் கடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் அகப்பட்டது. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்ததாம். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஒப்பிப்பது.

அம்மா எட்டாவது வரை தமிழில் படித்தவள். என் புத்தகமெல்லாம் இங்கிலீஷ். அதனாலென்ன, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பாள். நான் நிறுத்தும் இடமெல்லாம் வெங்காயக் கை ஒரு முற்றுப்புள்ளியைத் தொடும். நான் முடித்துவிட்டதாக நினைத்து நகர்ந்தால், "டேய், இன்னும் ஒரு புள்ளி மிச்சம் இருக்கு. எதை முழுங்கின?" முழுங்கியிருப்பேன், ஒவ்வொரு தடவையும். என் இயற்பியல் புத்தகத்தில் இன்றும் ஐந்தாம் பாடத்தைத் திறந்தால் கண் எரிகிற மாதிரியே இருக்கும்.

அன்று நான்கு கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே கிடைத்த இடத்தில் மாடி நடையையும் அம்மாவிடம் ஒப்பித்ததையும் எழுதிக் கொடுத்தேன். தாளுக்குப் பின்பக்கமும் போயிற்று. அடிஷனல் ஷீட் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அன்று ராத்திரி ஹாஸ்டலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என்னைப் பத்தியா எழுதின? எத்தனை வரி?"

"இருபது இருக்கும்மா."

அந்தப் பக்கம் நறுக்கும் சத்தம் ஓய்ந்தது. "ம், சொல்லு."

எழுந்து வராந்தாவுக்கு வந்து நடக்க ஆரம்பித்தேன்.