ஷெனின் ஒயினும் நடுவர் தவறாமையும்: ஓர் ஆய்வு

1. நோக்கம்

பிரான்ஸில் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் ஷெனின் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயினைச் சுவைத்துத் தீர்ப்புரைக்கும் பெருமக்கள் பிழைபடுவதே இல்லை. அஃது எங்ஙனம் என்று ஆராய்வதே இக்கட்டுரை.

2. கருதுகோள்

பெருமை நாவுக்கன்று, திராட்சைக்கே. நடுவர் எதைச் சொன்னாலும் அதை மெய்யாக்க லுவாரில் ஒரு புட்டி காத்திருக்கிறது.

3. சான்றுகள்

(அ) சுவை: "புளிப்பு" என்றால் சாவனியேர் ஊரின் ஒயின் கைகொடுக்கும். "தேனாய் இனிக்கிறது" என்றால் கார் த ஷோம் பகுதியின் ஒயின் உண்டு. அங்கே பாட்ரிட்டிஸ் பூஞ்சை தோலைத் துளைக்க, நீர் வற்றி, சர்க்கரை செறிந்த பழத்தையே பிழிகிறார்கள். ஒன்றும் புலப்படாதவர் "வூவ்ரே" என்று சொல்லித் தப்பலாம். இனிப்பில்லாதது, அரை இனிப்பு, முழு இனிப்பு, நுரைப்பது என நால்வகையும் அவ்வூரில் உண்டு.

(ஆ) மணம்: ஆப்பிள், சீமைமாதுளை, தேன், ஈரக் கம்பளி. கடைசியது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அவ்வாடை அலமாரியில் வீசினால் துணியை வெயிலில் உலர்த்துவோம். கோப்பையில் வீசினால் மதிப்பெண் கூட்டுவோம்.

(இ) வயது: அமிலம் மிகுந்ததால் நல்ல ஷெனின் பல பத்தாண்டுகள் கெடாது. ஆகவே "இன்னும் பக்குவம் வரவில்லை" என்னும் தீர்ப்பை மறுக்க விரும்புவோர் நெடுநாள் உயிர்வாழ வேண்டும்.

(ஈ) அடையாளம்: தென்னாப்பிரிக்காவில் தலைமுறைகளாக 'ஸ்டீன்' எனப் பயிரிட்டது ஷெனினே என்று ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓர்ஃபர் நிறுவியது 1965-இல்தான். அதுவரை அதைக் குடித்துத் தீர்ப்புரைத்தோர் எவரும் பதவி விலகியதாகத் தெரியவில்லை.

4. தடையும் விடையும்

வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, போர்தோவில் ஒயின் கலை பயின்ற 54 பேர் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர் என்று 2001-இல் ஓர் ஆய்வு வெளியானதே எனில், அது செமியோன், சோவிஞ்ஞோன் திராட்சைகளின் ஒயின், ஷெனின் அன்று. எனவே அத்தடை இங்குச் செல்லாது என்க.

5. முடிபு

நடுவருக்கு ஆபத்தான தீர்ப்பு ஒன்றே உளது: "நன்றாயிருக்கிறது." கம்பளியையும் பக்குவத்தையும் எவரும் சோதிக்க முடியாது, இதையோ பக்கத்திலிருப்பவர் ஒரு வாய் குடித்துச் சரிபார்த்துவிடுவார். வல்லோர் அச்சொல்லைத் தவிர்ப்பது அதனாலேயே.