கேள்வி-பதில்: மாசற்றவர் யார்?

கேள்வி: பாவமே செய்யாத மனிதர் இன்று எவரேனும் உண்டா? (ஒரு வாசகர், நிபோங் தெபால்)

பதில்: தம்மைச் சுட்டிக்காட்டி 'உண்டு' என்பவர் அக்கணமே பட்டியலிலிருந்து தம் பெயரை அடித்துவிடுகிறார், அத்தகையவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று யோவானின் முதல் திருமுகம் முதல் அதிகாரத்திலேயே தீர்ப்புரைத்துவிட்டது.

கேள்வி: பூலாவ் திக்கூசிலுள்ள அமலோற்பவ அன்னை ஆலயத்தின் பெயர், கன்னி மரியாள் இயேசுவைக் கருத்தரித்ததைத்தானே குறிக்கிறது? (ஒரு வாசகி, சுங்கை பாக்காப்)

பதில்: இல்லை. அமலோற்பவம் என்பது மரியாள் தம் தாய் அன்னாவின் வயிற்றில் கருவான கணத்திலேயே சென்மப் பாவத்திலிருந்து, அதாவது ஆதாமின் வழியாக மனிதகுலம் முழுவதும் பெறும் வீழ்ந்த நிலையிலிருந்து, காக்கப்பட்டார் என்னும் கத்தோலிக்க நம்பிக்கையாகும். அந்த அன்னா வேறு எவருமல்லர்; ஜூலை 26-ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாமில் பெருந்திரள் கூடி வணங்கும் புனித அன்னம்மாளே. ஐயம் இன்னும் தீராவிடில் நாட்காட்டியே சாட்சி சொல்லும்: அமலோற்பவ விழாவான டிசம்பர் 8-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால், மரியாளின் பிறந்தநாளும் வேளாங்கண்ணிப் பெருவிழாவுமான செப்டம்பர் 8 வந்து நிற்கும்! பாவமில்லாதவருக்கு மீட்பர் எதற்கு என்னும் வினா 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசையே தடுத்து நிறுத்தியது. நோயைத் தீர்ப்பதைவிட வராமலே காப்பது மேலான மருத்துவம் என்பதுபோல, மரியாளும் மீட்கப்பட்டவரே, ஆனால் முன்கூட்டியே மீட்கப்பட்டவர் என்று டன்ஸ் ஸ்கோட்டஸ் விடை கண்டது இறையியலின் மிக அழகிய நகர்வுகளுள் ஒன்று. திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1854-இல் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். சீர்திருத்தத் திருச்சபைகளோ பாவமின்மையை இயேசு ஒருவருக்கே உரியதாக்குகின்றன.

கேள்வி: ஆதாம் தின்றது ஆப்பிளா? (ஒரு வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஆதியாகமம் பழத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஆகவே பாலிக் பூலாவ் துரியானையும் ஐயுற வேண்டியதில்லை.

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் அண்டை வீட்டார் பொய் சொல்கிறாரே? (ஒரு வாசகி, ஜாவி)

பதில்: பிறர் பாவத்துக்குக் கணக்கெழுதும் பழக்கத்தை இப்பகுதி ஒருநாளும் ஊக்குவித்ததில்லை.

கேள்வி: மெதடிஸ்டுகள் இம்மையிலேயே பூரணராகலாம் என்கிறார்களாமே? (ஒரு வாசகர், ஜார்ஜ் டவுன்)

பதில்: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1766-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கிறிஸ்தவப் பூரணம், இறைவன்மீதும் பிறர்மீதும் கொள்ளும் அன்பு உள்ளத்தை முழுமையாக ஆள்வதைக் குறிக்குமேயன்றி, அறியாமையும் தவறும் நோயும் நீங்கிய நிலையை அன்று, தாம் அதை எய்திவிட்டதாக அவர் உரிமை கோரவும் இல்லை.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் செய்த மறுநாளே பழைய கோபம் திரும்பினால் அதனால் என்ன பயன்? (ஒரு வாசகி, சுங்கை பாக்காப்)

பதில்: இக்கேள்விக்கு நிதானமான விடை தேவை. அருளில் வாழ்பவரும் இறைவனின் தனிச்சலுகையின்றித் தம் வாழ்நாள் முழுவதும் எல்லா அற்பப் பாவங்களையும், அதாவது இறையுறவை முறிக்காமல் தளர்த்தும் சிறு பிழைகளையும், தவிர்க்க இயலாது என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் வரையறுத்தது. ஆகவே கோபம் திரும்பியது முந்தைய மன்னிப்பைப் பொய்யாக்குவதில்லை. பேதுரு இயேசுவை மும்முறை மறுதலித்தும் தலைமைப் பொறுப்பை இழக்கவில்லை. இன்று ஒப்புரவு அருட்சாதனம் எனப்படும் பாவசங்கீர்த்தனத்தை மீண்டும் மீண்டும் நாடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. திருத்தந்தையும் ஒரு குருவின் முன் மண்டியிட்டே தம் பாவங்களை அறிக்கையிடுகிறார்.