குரோம்பேட்டைக்காரர் காஞ்சிபுரத்தில் மயங்கி விழாமை: ஒரு நோயியல் ஆராய்ச்சி

1817-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் போனார். மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் அடக்கமான இடம். சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு நெஞ்சு படபடத்தது. விழுந்துவிடுவோமோ என்று பயந்தபடி நடந்தார். பின்னாளில் கிரேசியெல்லா மகெரினி என்ற மனநல மருத்துவர், அதே ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளிடம் இதைக் கண்டு ‘ஸ்டெந்தால் நோய்’ என்று பெயர் சூட்டினார். கொஞ்ச நேரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கலையைப் பார்த்தால் வருவது.

காஞ்சிபுரமும் அளவுக்கு மிஞ்சிய ஊர்தான். ஆனால் தாம்பரம், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாக வேன் பிடித்து அங்கே போய்வரும் குரோம்பேட்டைக் குடும்பங்களில் ஒருவரேனும் சிற்பம் பார்த்துச் சுருண்டு விழுந்ததாக இக்கட்டுரையாளர் கேள்விப்பட்டதில்லை. ஏன்?

குரோம் லெதர் கம்பெனியால் பேர் பெற்ற ஊர், ஆகவே மக்களுக்கும் தோல் பதப்பட்டிருக்கும் என்பது ஒரு கட்சி. இது குதர்க்கம். தோல் தடித்தவர்களா சீட்டுக் கம்பெனி மாமி சொன்ன ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் பேசாமல் இருப்பார்கள்? இன்னொரு கட்சி தடுப்பூசிக் கொள்கை. அடுத்த ஸ்டேஷனான பல்லாவரத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மலையைக் குடைந்து தன் பட்டப்பெயர்களையெல்லாம் வெட்டிவைத்த குகை இருக்கிறது. இப்போது அது தர்கா. இப்படிச் சிறுகச் சிறுகப் பல்லவம் உடம்பில் ஏறிவிடுவதால், காஞ்சிபுரத்தின் முழு வீரியம் தாக்குவதில்லையாம். அழகான கொள்கை. ஆனால் குரோம்பேட்டைக்காரர் பல்லாவரத்தில் இறங்குவது வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. மலைப்பக்கம் அவர் தலை திரும்பியதற்குச் சான்றில்லை.

உண்மையான காப்பு, நாளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. எட்டரைக்கு வேன் நகரும். ஏகாம்பரநாதர் கோயிலில், 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏறக்குறைய 190 அடி ராஜகோபுரம், வண்டி நிறுத்த நிழல் தேடும் கண்களுக்கு ஓர் ஓரமாகத் தெரியும். வரதராஜர் கோயிலில் நூற்றுக்கால் மண்டபமும் கல்லிலேயே செதுக்கிய சங்கிலியும் காத்திருக்க, குடும்பம் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நிற்கும். பிறகு கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைத்தது. எந்த மயக்கத்துக்கும் முறிவு. அதற்குள் நண்பகல். நடை சாத்தியாகிவிடும். நான்கு மணி வரை கலைக்கு விடுமுறை.

அந்த இடைவெளியில்தான் ஆராய்ச்சிக்குரிய சங்கதி நடக்கிறது. பட்டுக்கடையில் பெரியம்மா ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்கிறார். காலையில் எந்தத் தூணையும் நின்று பார்க்காத அதே கண், ஒரு புடவையை அரைமணி நேரம் பார்க்கிறது. திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்து கோத்த கோர்வை சரியாகப் பூட்டியிருக்கிறதா, முந்தானை சேரும் இடத்தில் பேட்னி ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறது. “ஏம்ப்பா, இந்த ரேக்கு ஒரு பக்கம் ஒல்லியா இருக்கே?” கடைப்பையன் வாயடைத்துப்போகிறான். யாளியும் அன்னமும் கோபுரக் கரையும் கோயிலில் இருப்பவைதானே. அங்கே பார்க்காமல் விட்டவற்றை இங்கே மடியில் போட்டுத் தணிக்கை செய்கிறார். கலை அவரைத் தாக்காததற்குக் காரணம் அலட்சியமல்ல என்பது இக்கட்டுரையின் துணிபு. குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மயக்கம் வராது. ஸ்டெந்தாலுக்குச் சுவரோவியத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்க வழியில்லை, பாவம்.

காஞ்சிபுரத்தில் இந்நோய் கண்டதாகக் கொள்ளத்தக்க ஒரே நபர், 8-ஆம் நூற்றாண்டில் படையோடு வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். ஊரைப் பிடித்தான், பல்லவன் இராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைப் பார்த்தான், அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதைக் கன்னடத்தில் அங்கேயே கல்வெட்டாகவும் பொறித்தான். கொள்ளையடிக்க வந்தவன் கொடுத்துவிட்டுப் போவதை மருத்துவம் வேறென்னவென்று சொல்லும்? (பழஞ்சுவரில் தம் பெயரையும் அம்பு துளைத்த இதயத்தையும் கீறும் இளைஞர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டலாகாது. அவர்கள் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.) அவன் பட்டத்தரசி லோகமகாதேவி பின்னர் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயலை அறிஞர்கள் காண்கிறார்கள். ஆக, தொற்றும் உண்டு. எனினும் அவன் வாதாபிக்காரன். நம் முடிவைப் பாதிக்கமாட்டான்.

கடைசியாக, நோய் கண்டறிவோருக்கு ஓர் எச்சரிக்கை. மாலை நான்கரைக்குக் குடும்பம் கைலாசநாதருக்கு வருகிறது. சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள், சிலவற்றில் மங்கிய ஓவியத் துணுக்குகள். அங்கே நடுவயதுக்காரர் ஒருவர் தரையில் குப்புறக் கிடந்து முனகினால், அவசரப்பட்டு ஸ்டெந்தால் என்று எழுதிவிடாதீர்கள். கருவறையைச் சுற்றிவரும் குறுகிய வழியில் ஊர்ந்து வெளிவந்தால் மறுபிறப்பு இல்லை என்பது நம்பிக்கை. சித்தப்பா தலையை விட்டாயிற்று, இடுப்பு வரவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தால் போதும்.