பெட் மேட்ச் இலக்கணம்: ஒரகடம் வட்டாரப் பந்தய மரபு பற்றிய ஒரு முன்னாய்வு

திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, 94ஆவது. சூதாடுபவனுக்கு அதில் நல்ல சேதி எதுவும் இல்லை. புகழேந்தியின் நளவெண்பாவில் நளன் நாட்டைத் தோற்கிறான். பாரதத்தில் தருமன் நாட்டையும் தம்பிகளையும் தன்னையும் தோற்று, கடைசியில் பாஞ்சாலியையும் வைக்கிறான். ஆக, நம் புலவர்கள் பெரிய தொகைகளை மட்டுமே கவனித்திருக்கிறார்கள். தோற்றால் ஒரு டென்னிஸ் பந்து, வென்றால் ஒரு டென்னிஸ் பந்து என்ற அளவில், பெட் மேட்ச் எனும் பந்தய கிரிக்கெட்டில் நடக்கும் சூதைப் பற்றி இலக்கியத்தில் பேச்சே இல்லை. அந்தக் குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு நிலம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையின் இரு மருங்கும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2014இல் கதவைச் சாத்தியது. ஒரகடத்துக்கு 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. பொருளாதார அறிஞர்கள் இதைத் தொழில் வளர்ச்சி என்பார்கள். நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: இருபது வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள், அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு இருந்தது.

தொல்காப்பிய முறைப்படி முதல், கரு, உரி என்று பகுத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். நிலம் என்பது அரசின் சிப்காட் நிறுவனம் தொழிற்சாலைக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தும் இன்னும் கட்டடம் எழாத மனை. அது கிடைக்காத இடத்தில் கோடையில் வற்றிய ஏரி. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாவதை இளங்கோ கண்டார். ஏரி திரிந்து பிட்ச் ஆவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பொழுது, ஞாயிறு காலை வெயில் ஏறும் வரை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வருபவனுக்கு மட்டும் அது ‘நேற்று’ எனக் கொள்க. கருப்பொருள்கள்: விக்கி பால் எனும் டென்னிஸ் பந்து, நாலு செங்கல், ஸ்டம்பு கிடைக்காத முனையில் ஒரு பல்சர் பைக், இருபது லிட்டர் தண்ணீர் கேன். உரிப்பொருள் ஊடல். ஊடல் மருதத்துக்கு அல்லவா உரியது என்று தடை எழுப்பலாம். இப்பகுதி முன்பு ஏரிப் பாசன வயலாக இருந்தது, ஆகவே பொருத்தமே என்பது விடை.

இனி பந்தயத்துக்கு வருவோம். பெட் மேட்சின் மிகப் பழைய வடிவம் பால் மேட்ச். இரு அணியும் ஆளுக்கொரு புதுப் பந்து எடுத்து வரவேண்டும். ஒன்றில் ஆட்டம், தோற்ற அணியின் பந்து வென்ற அணிக்கு. காசு மேட்ச் இதன் வளர்ச்சி. தலைக்கு ஐம்பதோ நூறோ வசூலித்து, இரண்டு கேப்டன்களும் சேர்ந்து ஒரு மூன்றாம் ஆளிடம் கொடுத்து வைப்பார்கள். இந்த மூன்றாம் ஆளுக்கான தகுதிகள் கடுமையானவை. இரு அணிக்கும் தெரிந்தவனாக இருக்கவேண்டும், எந்த அணிக்கும் வேண்டியவனாக இருக்கக்கூடாது, இரண்டாம் இன்னிங்ஸ் முடியும் வரை மைதானத்தை விட்டு நகரக்கூடாது. பெரும்பாலும் காலில் அடிபட்டவனே இதற்குத் தேறுவான். ஜிபே வந்த பிறகு காசு அவனுடைய கணக்குக்கே போய்விடுவதால் அவனுடைய நேர்மை மட்டும் போதாது, அவனுடைய சிக்னலும் வேண்டும் என்று ஒரு புது விதி சேர்ந்திருக்கிறது.

மேட்ச் பெட்டுக்குள் குட்டி போடுவது சைடு பெட். இது அணிக்கும் அணிக்கும் நடப்பதல்ல, இருவருக்கிடையே நடப்பது. ஒரே அணியைச் சேர்ந்த இருவராகவும் இருக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

“இந்த ஓவர்ல பதினஞ்சு வராது.”

“வரும்ணா.”

“என்ன பெட்டு?”

“ஒரு பிரியாணி.”

இதோடு ஒப்பந்தம் முடிவதில்லை. கையடிக்க வேண்டும். உள்ளங்கை மேல் உள்ளங்கை விழும் ஓசை கேட்காவிட்டால், பதினாறு ரன் போன பிறகும் “நான் கையே அடிக்கலயே” என்று மறுக்கத் தோற்றவனுக்கு உரிமை உண்டு. கேட்கும் தூரத்தில் ஒரு சாட்சி இருப்பது நலம். தன் அணி தோற்கும் என்று சைடு பெட் கட்டுவது கூடுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பவுண்டரியில் நிற்பவர்கள் கூடும் என்பார்கள், கேப்டன்கள் கூடாது என்பார்கள். பவுலர் கட்டக்கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று.

பிரியாணி என்பது இங்கே பண்டமன்று, கணக்கு அலகு. மைதானத்தில் பேசப்பட்ட பிரியாணிகள் அத்தனையும் உண்மையில் வாங்கப்பட்டிருந்தால் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் அரிசி மிஞ்சியிருக்காது. நடைமுறையில் கடன்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பெயின்ட் ஷாப் தம்பி பாடி ஷாப் அண்ணனுக்கு ஒரு பிரியாணி பாக்கி. அந்த அண்ணன் அசெம்பிளிக்காரருக்கு ஒரு பிரியாணி பாக்கி. முடிவில் தம்பி அசெம்பிளிக்காரருக்கு ஒரு டீயும் பஃப்ஸும் வாங்கிக் கொடுக்க, மூவர் கணக்கும் நேராகிறது. இத்தனை பெரிய தள்ளுபடியில் எந்த ரிசர்வ் வங்கியும் தலையிட்டதாகத் தெரியவில்லை.

ஆட்கள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவன் ஜோக்கர் ஆகிறான். காமன் என்றும் வழங்குவர். இரு அணிக்கும் பேட் செய்வான், இரு அணிக்கும் பீல்டிங் நிற்பான். அவன் பெட் காசு போடவேண்டுமா என்பது இத்துறையின் தீராத வினா. போட்டால் எந்தப் பக்கம் போடுவான்? போடாவிட்டால், ஆட்டம் முடிந்து பரோட்டா வரும்போது எந்தப் பக்கம் உட்காருவான்? முதல் கேள்விக்கு யாரும் விடை காணவில்லை. இரண்டாவதற்கு ஜோக்கர்களே விடை கண்டுவிட்டார்கள்: இரண்டு பக்கமும்.

நீதி பரிபாலனத்தைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும், பந்தய மரபின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அம்பயர் பேட்டிங் அணியைச் சேர்ந்தவர். வேறு ஆள் கிடையாது. வழக்காடும் கட்சியே நீதிபதியாகவும் அமரும் இந்த ஏற்பாட்டில் நியாயம் கிடைக்குமா என்று வெளியார் கேட்கலாம். கிடைக்காது என்பது அனைவருக்கும் தெரியும், ஆகவே அதற்கேற்ப விதிகள் திருத்தப்பட்டுள்ளன. எல்பிடபிள்யூ கிடையாது, ஏனென்றால் எந்த அம்பயரும் தன் அணிக்காரனுக்குக் கை தூக்கமாட்டான். ரன் அவுட்டில் சந்தேகம் வந்தால் தீர்ப்பு அம்பயரிடமிருந்து ஸ்கொயர் லெக்கில் நிற்கும் கூட்டத்துக்கு மாற்றப்படும். கூட்டமும் பிளந்தால் அந்தப் பந்து ரீபால். கேட்ச் பிடித்தபோது பந்து தரையில் பட்டதா, பேட்டில் உரசியதா என்ற வழக்குகளுக்குச் சத்தியப் பிரமாணம் ஒன்றே வழி. “அம்மா சத்தியமா படல” என்று பேட்ஸ்மேன் சொல்லிவிட்டால் மேல்முறையீடு இல்லை. நூறு ரூபாய்க்காகப் பொய் சொல்பவன் இருக்கலாம், அம்மா மேல் பொய்ச் சத்தியம் செய்பவன் அடுத்த வாரம் அணியில் இருக்கமாட்டான். மூன்றாம் நடுவரின் கேமரா இதைவிடத் துல்லியமாக இருக்கலாம். அதற்கு அடுத்த ஞாயிறு கிடையாது.

ஸ்கோர் எழுதுவதில் இரட்டைப் பதிவு முறை. இரு அணியும் தனித்தனியே போனில் ஏற்றிக்கொண்டு, ஓவருக்கு ஒருமுறை உரக்கப் படித்து ஒப்பிடவேண்டும். எண்ணுபவனும் காசு தரவேண்டியவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘வெண்ணிலா கபடி குழு’ (2009) படத்தின் பரோட்டாப் பந்தயம் தலைசிறந்த ஆவணம். ஐம்பது பரோட்டா தின்றால் காசில்லை என்று அறிவித்த கடையே கணக்கில் குளறுபடி செய்ய, சூரியின் பாத்திரம் கோடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறது. உலகின் எந்தத் தணிக்கையாளருக்கும் இந்தத் தைரியம் வராது, இந்த வயிறும் வராது.

மழையால் நின்ற ஆட்டத்துக்கு டக்வொர்த்தும் லூயிஸும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சர்வதேச ஆட்டங்களில் அது 1997 முதல் வழக்கில் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸால் நிற்கும் ஆட்டத்துக்கு அப்படியொரு சூத்திரம் இல்லை. ஆலைக்கு எல்லா ஞாயிறும் லீவு இல்லை. செகண்ட் ஷிப்ட்காரனின் பஸ் வந்துவிட்டது, அவன் 32 நாட் அவுட், இன்னும் பதினெட்டு ரன் வேண்டும். அவன் அவுட்டா? ரிட்டயர்டா? வழக்கு என்னவென்றால், டாஸ் போடும்போதே ஷிப்டைச் சொல்லிவிட்டவன் அவுட் அல்ல, சொல்லாமல் ஆடியவன் அவுட். டாஸ் என்றது நாணயத்தை அல்ல, ஓட்டுச்சில்லின் ஒரு பக்கம் எச்சில் தொட்டு “மழையா வெயிலா” என்று கேட்பதைத்தான். சட்டைப்பையில் நாணயம் இருந்த காலம் போய்விட்டது.

ஒப்பாய்வு இல்லாமல் ஆய்வு இல்லை என்பதால் அமெரிக்காவுக்கும் ஒரு நடை. அங்கே பிளாஸ்டிக் தட்டைச் சங்கிலிக் கூடைக்குள் எறியும் டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம். அதன் சங்கத்தை எட் ஹெட்ரிக் 1976இல் நிறுவினார். வாராந்திரக் கூடல்களில் ஆளுக்கு ஒரு டாலர்போல ஏஸ் உண்டியலில் போடுவார்கள். முதல் எறியிலேயே கூடைக்குள் போட்டவனுக்கு உண்டியல் மொத்தமும். யாரும் போடாவிட்டால் காசு அடுத்த வாரத்துக்குத் தங்கிவிடும், காசோடு ஆளும் தங்குவான். பழைய கோல்ஃபில் நாசா என்றொரு பந்தயம். விண்வெளி அல்ல, நியூயார்க்குக்கு அருகே நாசா கன்ட்ரி கிளப்பில் பிறந்தது. முதல் ஒன்பது குழிக்கு ஒன்று, பின் ஒன்பதுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று எனப் பெட் மூன்று. காலையில் தோற்றவனுக்கும் மதியம் வரை நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம்கூட ஒருவரையொருவர் அறிந்த ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் காசில், விருப்பப்பட்டு, அளவோடு வைக்கும் பந்தயத்தை ஆட்சேபிப்பதில்லை. ஒரகடத்து மூன்றாம் ஆளுக்கு இதைப் படித்துக் காட்டினால், இதை எதற்குத் தாளில் எழுதினார்கள் என்று கேட்பான்.

காசு தங்கினால் ஆளும் தங்குவான் என்பதே நம் கருதுகோளும். பெட் மேட்சில் பெட் என்பது பரிசன்று, வருகைப் பதிவேடு. ஷிப்ட் வாரம் மாறும் ஊரில் இருபத்திரண்டு பேரை ஒரே காலையில் ஒரே இடத்தில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. பர்மனென்ட், கான்ட்ராக்ட், ட்ரெய்னி என்று மூன்று சம்பளம். தூத்துக்குடிக்காரன், திருவண்ணாமலைக்காரன், ஒடிசாக்காரன் என்று மூன்று வாடகை அறை. “வர்றேன்டா” என்று வாயால் சொன்னவன் வரமாட்டான், ஐம்பது ரூபாய் போட்டவன் வருவான். இதற்கு வலுவான சான்று ரிட்டர்ன் மேட்ச். தோற்ற அணி ரிட்டர்ன் கேட்டால் வென்ற அணி மறுக்கக்கூடாது. ஜெயித்த காசோடு காணாமல் போன அணிக்கு அந்த ஏரியில் அடுத்து யாரும் மேட்ச் தரமாட்டார்கள். வென்ற காசும் வீட்டுக்குப் போவதில்லை. புதுப் பந்து, பேட்டுக்கு கிரிப், மிச்சம் பரோட்டா. பெரும்பாலும் தோற்றவனையும் கூப்பிட்டு உட்காரவைத்தே தின்பார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பிரியாணி பாக்கிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமுடியாது. அதே பிரிவு குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்கு விலக்கும் தருகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம், மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றும் சொல்லிவிட்டது. குதிரைக்குக் கிடைத்த மரியாதை விக்கி பாலுக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறோம்.

போனில் ஆடும் சூது வேறு இனம், இதோடு சேர்க்கக்கூடாது. தமிழ்நாடு அதற்கு 2023இல் சட்டம் இயற்றியது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அதில் தோற்றவனுக்கு யாரிடம் தோற்றோம் என்று தெரியாது. ரிட்டர்ன் கேட்க ஆளில்லை, கையடிக்கக் கையில்லை, பரோட்டாவுக்குக் கூப்பிட யாருமில்லை. நாட்டையே வைத்த தருமனுக்குக்கூட எதிரில் சகுனி உட்கார்ந்திருந்தான்.

இனி எஞ்சியிருப்பது ஒரு வழக்கு, இதற்கு எந்த நூலிலும் முன்னுதாரணம் கிடைக்கவில்லை. பால் மேட்ச், கடைசி ஓவர், ஒருவன் அடித்த சிக்ஸர் பக்கத்து ஆலையின் மதிலைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. சிக்ஸர் அடித்த அணி வென்றது. பந்தயப்படி அவர்களுக்குச் சேரவேண்டியது எதிரணியின் பந்து, அதைக்கொண்டுதான் அன்று ஆட்டமே நடந்தது. செக்யூரிட்டி அண்ணன் நல்லவர், ஆனால் கேட்டை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். திரும்பி வரும் பொருளுக்கு ஒரு சீட்டு, வராத பொருளுக்கு வேறு சீட்டு. இந்தப் பந்து உள்ளே வந்ததற்கே பதிவு இல்லை, எனவே எந்தச் சீட்டும் போட முடியாது. தோற்ற கேப்டன், பந்தைக் கொடுத்தாகிவிட்டது, மதிலுக்கு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்வது வென்றவன் பாடு என்கிறார். வென்ற கேப்டன், அதை அடித்தது நாங்கள்தான் என்றாலும் கைக்கு வராத பந்து பந்தல்ல என்கிறார். ஜோக்கரைக் கேட்டார்கள். அவன் இரண்டு அணிக்கும் ஆடியவன் ஆதலால் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டான். விஷயம் அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டது, இரு தரப்பும் ஆளுக்கொரு புதுப் பந்தோடு வரவேண்டும் என்ற நிபந்தனையுடன்.