விருதுநகர் மாவட்டக் கிறிஸ்துமஸில் மைதாவின் இடம்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கிறிஸ்துமஸ் என்பது இயேசுவின் பிறப்புப் பண்டிகை. இந்த முடிவில் இவ்வாய்வு தலையிடவில்லை. அந்தப் பண்டிகை வீட்டுக்குள் எதனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளையும், அந்த வீடுகளின் பலகாரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மற்ற வீடுகளையும் களமாகக் கொண்டு, அலங்காரம், அன்பளிப்பு, பலகாரம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான மூலப்பொருள் மைதாவே என்று இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. ஆய்வுக் களம்

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. மருந்தைக் கையாளும் பழக்கம் வந்துவிட்டதால் பட்டாசும் வந்தது. இந்த மூன்று தொழில்களைப் பற்றி எழுதியவர்கள் கந்தகத்தைச் சொன்னார்கள், காகிதத்தைச் சொன்னார்கள், மழை பெய்யாத வானத்தையும் சொன்னார்கள். மைதாவை மட்டும் விட்டுவிட்டார்கள். பெட்டி ஒட்டியதும் லேபிள் ஒட்டியதும் வெடிக்குழாய் சுருட்டியதும் பசையால்தான். அந்தப் பசை மைதாவில் காய்ச்சியது.

ஒரு மணி நேரப் பஸ் தொலைவுக்குள் இருக்கும் விருதுநகரில் இதே மைதா எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரிந்து பரோட்டாவாகிறது. ஆக, மாவட்டத்தின் ஒரு முனையில் மைதா காகிதத்தை ஒட்டுகிறது. மறுமுனையில் வயிற்றை நிரப்புகிறது. இரண்டு வேலையையும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் அது செய்வது டிசம்பரில் மட்டுமே. இந்த அரிய நிகழ்வே இவ்வாய்வுக்குத் தூண்டுதல்.

2. முன்னோடிகள்

காகித நட்சத்திரத்துக்குக் கணக்கு வாத்தியார்களோடு பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியச் சபையார் நடத்திய பள்ளியில், 1830களில் வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் செய்த காகித நட்சத்திரம்தான் பின்னர் கிறிஸ்துமஸ் அலங்காரமாக உலகைச் சுற்றியது. நம் வட்டாரத்துக்கும் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் வாய்த்தார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1841இல் நான்காவது இடம் பெற்ற ராக்லண்டு பாதிரியார், வடதிருநெல்வேலிப் பகுதியில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நற்செய்தி சொன்னவர். 1858இல் சிவகாசியிலேயே காலமானார். ஆகவே இப்பகுதி நட்சத்திரத்தின் முனை 36 பாகையில் இல்லாமல் கோணிக்கொண்டு நின்றால், அதற்கு வரலாற்றைக் குறை சொல்ல முடியாது. குச்சி வெட்டிய தம்பியைத்தான் கேட்க வேண்டும்.

லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் ஒரு காகிதக் குழாய்க்குள் சிறு பரிசை வைத்து, இரு முனையையும் இழுத்தால் ‘பட்’டென்று சத்தம் வரும்படி செய்து விற்றார். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் அது இன்றும் இருக்கிறது. இழுத்தால் வெடிக்கும் அந்த வெடியை, பற்ற வைத்தால் வெடிப்பதையே தொழிலாகக் கொண்ட சிவகாசிக்காரரிடம் காட்டினால், “இவ்வளவுதானா சத்தம்?” என்றே கேட்பார்.

3. பசையியல்

மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் நேரே கொட்டுகிறவர்கள் பசை காய்ச்சவில்லை, கொழுக்கட்டை பிடிக்கிறார்கள். கரைசலைச் சிறு தீயில் வைத்துக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். சூடு ஏற ஏற மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பும். அதுவரை பால் நிறத்தில் தளதளவென்று கிடந்த கரைசல் திடீரெனக் கனத்துக் கண்ணாடி போல மங்கலாகத் தெளியும். கரண்டி இழுபடும். அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும். பிந்தினால் அடி பிடிக்கும். வீடு முழுக்கப் பரோட்டாக் கடை வாடை அடிக்கும்.

அடுத்து மயில்துத்தம். ஒரு சிட்டிகை போட்டால் கரப்பானும் எறும்பும் பூஞ்சையும் அண்டாது. போடாத நட்சத்திரம் பொங்கலுக்குள் ஓட்டை விழுந்து, உண்மையான வானம் அதன் வழியே தெரியும். ஆனால் மயில்துத்தம் விஷம். எனவே அது சேர்ந்த சட்டி அந்த நிமிடத்திலிருந்து சமையல் பாத்திரம் என்ற தகுதியை இழக்கிறது. இந்த விதியில் விலக்குக் கிடையாது.

பசை குறித்து இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. பெரியம்மா பள்ளி, தோசை மாவுப் பதமே போதும் என்கிறது. மதினி பள்ளி அதைவிடக் கெட்டியை வற்புறுத்துகிறது. காலமெல்லாம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய விரல்கள் பெரியம்மாவுடையவை என்பதால், இக்கட்டுரையாளர் முதல் பள்ளியின் பக்கம் சாய்கிறார். கண்ணால் பதம் பார்ப்பவர் மாணவர்; சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே பசையை இழுத்துப் பதம் பார்ப்பவரே அறிஞர்.

4. நட்சத்திரம்

நட்சத்திரம் என்பது ஒன்றல்ல, இரண்டு. மூங்கில் பிளாச்சுகள் ஐந்தைக் கொண்டு ஒன்று, இன்னும் ஐந்தைக் கொண்டு மற்றொன்று எனக் கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு உள் மூலைகளில் ஐந்து குட்டைக் குச்சிகளை நெம்பிச் செருகினால் நடுவயிறு உப்பிக்கொள்ளும். ஆக மொத்தம் குச்சி 15. பதினைந்தாவது குச்சியைச் செருகும்போது முதல் குச்சி தெறித்து விழுவது இத்துறையில் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை.

மேலே ஒட்டுவது கலர் பேப்பரா, கண்ணாடிப் பேப்பரா என்பது தீராத விவாதம். கலர் பேப்பர் பசையை உறிஞ்சி, காயும்போது தானே இழுத்துக்கொண்டு முரசுத் தோல் மாதிரி விறைக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறலும் மார்கழிப் பனியும் அதற்கு எமன். கண்ணாடிப் பேப்பர் நனையாது, பசையையும் மதிக்காது. எனவே உடம்புக்குக் கலர் பேப்பர், வயிற்றின் சன்னலுக்குக் கண்ணாடிப் பேப்பர், வாலுக்கு ஜிகினா என்று வீடுகள் சமரசம் கண்டிருக்கின்றன. உள்ளே தொங்குவது முன்பு ஜீரோ வாட் பல்பு. பெயரில்தான் ஜீரோ, மின்சாரத்தைக் குடிக்கவும் செய்யும், காகிதத்தைச் சூடாக்கவும் செய்யும். இப்போது எல்.இ.டி. வந்து நட்சத்திரங்களின் ஆயுளைக் கூட்டியிருக்கிறது.

5. குடிலும் காலண்டரும்

புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது அவருக்கு நிஜ மாடும் கழுதையும் கிடைத்தன. சிவகாசியில் அவற்றைவிட எளிதாகக் கிடைப்பது காலண்டர் அட்டை. இந்தியாவின் சுவர்களுக்கெல்லாம் தினசரிக் காலண்டர் அனுப்பும் ஊர் இது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிட்டுத்தான் இங்கே அச்சகங்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஆக, ஊர் முழுக்க அடுத்த வருஷம் தயாராகிக்கொண்டிருக்கும்போது, நடப்பு வருஷம் கிழிபட்டுக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 24 காலையில், கிழிபட்ட தேதித் தாள்கள் சரியாக 357 இருக்க வேண்டும், லீப் ஆண்டானால் 358. சிக்கன மனத்தினர் இவற்றை எறிவதில்லை. பசை தடவி வளையம் வளையமாகக் கோத்தால் தோரணம். பெத்லகேம் குடிலின் மேல் தொங்கும் அத்தோரணத்தை அருகில் போய்ப் பார்த்தால் ஒரு வளையத்தில் எமகண்டம், அடுத்ததில் ராகு காலம், மூன்றாவதில் மேஷ ராசிக்குச் சந்திராஷ்டமம். கீழ்த்திசை ஞானிகள் நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள் என்று வேதமே சொல்வதால், அவர்கள் இதை ஆட்சேபிக்க மாட்டார்கள் என்பது கட்டுரையாளரின் துணிபு. பழைய காலண்டரின் அட்டை குடிலுக்குச் சுவராகிறது. அச்சில் பிசகிய தாள்களைக் கசக்கிப் பசையில் நனைத்தால் மலை. ஒரு வாரம் முன்னால் தட்டில் தூவி வைத்த கேழ்வரகு முளைவிட்டால் புல்வெளி.

6. பலகாரவியல்

மைதாவின் முழு மேதைமை வெளிப்படுவது இங்கேதான். பசையில் வேலை செய்வது மாவுச்சத்து. பரோட்டாவில் வேலை செய்வது குளூட்டன் என்ற புரதம். அடித்துப் பிசைந்து இழுக்க இழுக்க அது வலுவாகும். கேக்கில் அதே குளூட்டன் வேலை செய்துவிடவே கூடாது. எனவே மாவைச் சேர்த்த பிறகு மெதுவாகப் புரட்டி நிறுத்திவிட வேண்டும். பரோட்டாக் கை பழகியவர்கள் கேக் செய்தால், வெட்டுவதற்கு அரிவாள் தேவைப்படும்.

கல்கல் என்னும் பலகாரத்துக்கு மாவைச் சிறு உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ சீப்பிலோ அழுத்தி உருட்டினால் வரிவரியாகச் சுருண்டு சங்கு போல வரும். சீப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. அச்சு முறுக்கில் அச்சை எண்ணெயில் நன்றாகக் காய வைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டுமே முக்க வேண்டும். ஆசைப்பட்டு முழுவதும் முக்கினால் மாவு மேலேறி அச்சை மூடிக்கொள்ளும். எவ்வளவு உதறினாலும் கழன்று விழாது. அப்போது அத்தை சொல்லும் வாக்கியம்: “முக்கால் பங்குன்னு சொன்னா, முக்கால் பங்குதான்டி.”

அடுப்படியிலும் திண்ணையிலும் ஒரே மாவு என்பதால் ஒரு விநியோகச் சிக்கல் எழுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கேட்கப்படும் உரையாடல் இது: “மதினி, பசைக்கு எடுத்தது போக கேக்குக்கு மாவு இருக்கா?” “கேக்குக்கு எடுத்தது போகத்தான் பசை. போய் அண்ணாச்சி கடையில இன்னும் அரை கிலோ வாங்கிட்டு வா.” முன்னுரிமை எதற்கு என்பதை இந்த ஒரு பதில் தெளிவாக்குகிறது.

7. அன்பளிப்பு

அன்பளிப்பு எளிது: பலகாரத்தைப் பாத்திரத்தில் போட்டால் அது அன்பளிப்பு. முன்பு பனையோலைக் கொட்டான். இப்போது எவர்சில்வர் தூக்கோ டப்பாவோ. “அத்தை, அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்ற அறிமுக வாசகத்துடன் அது அடுத்த வீட்டுக்குப் போகும். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. ஒரு பிடி சீனியாவது போட வேண்டும். தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசம் வந்த பாத்திரத்தில்தான் கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கல்கல் போகிறது. எனவே எந்த வீட்டுத் தூக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்ற கணக்கு ஒருபோதும் தீராது. தீராமல் இருப்பதே அதன் நோக்கம்.

8. மறுப்புகளும் பதில்களும்

அரிசிமாவு வாதிகள்: முறுக்கும் அதிரசமும் அரிசியில்தானே செய்கிறார்கள், அச்சு முறுக்கிலும் அரிசிமாவு சேர்க்கிறவர்கள் உண்டே என்பார்கள். உண்மை. ஆனால் அதிரச மாவால் நட்சத்திரம் ஒட்ட முடியுமா? இரு துறைகளிலும் ஒருங்கே தேர்ந்தது மைதா மட்டுமே.

ரெடிமேட் வாதிகள்: கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். இவர்களுக்கு முடிவுரையில் பதில் இருக்கிறது.

பட்டாசு வாதிகள்: எல்லாவற்றையும் வீட்டில் செய்யும்போது வெடியை மட்டும் ஏன் செய்யக்கூடாது என்று சிறுவர்கள் கேட்கலாம். இதில் வேடிக்கைக்கு இடமில்லை. உரிமமின்றி வீட்டில் வெடி தயாரிப்பது குற்றம். அது எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வாங்கி வெடிப்பதற்கும் எல்லை உண்டு. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கிறிஸ்துமஸுக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை, அதுவும் பசுமைப் பட்டாசு மட்டும், என்று வரையறுத்தது. அதாவது 35 நிமிடம். ஒரு தட்டு அச்சு முறுக்கு சுட அதைவிட அதிக நேரமாகும்.

9. முடிவுரை

இந்த வட்டாரத்தில் ஒட்டுவதற்குக் கூலி குரோஸ் கணக்கு. குரோஸ் என்றால் 144. இத்தனை குரோஸுக்கு இவ்வளவு என்று வருஷம் முழுக்க ஊராரின் விரல்கள் பெட்டி ஒட்டியிருக்கின்றன, குழாய் சுருட்டியிருக்கின்றன, தாள் மடித்திருக்கின்றன. அத்தனையும் வேறு ஊர்களின் பண்டிகைக்காக. டிசம்பரில் அதே விரல்கள், அதே பசையில், ஒரே ஒரு நட்சத்திரத்தை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டுகின்றன. யாரும் எண்ணவில்லை, யாரும் கூலி பேசவில்லை, கோணலாக வந்தாலும் தள்ளுபடி இல்லை. கடை நட்சத்திரம் மலிவு என்பவர்களுக்கு இதுதான் பதில். கணக்குப் பார்க்காமல் வேலை செய்ய இந்த ஊருக்குக் கிடைக்கும் சில நாட்களை அதே கணக்குப் பார்த்து விட்டுக்கொடுக்கக் கூடாது. மைதா உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வதைக் கட்டுரையாளர் மறுக்கவில்லை. பண்டிகைக்கு அது ஆகும் என்பதே ஆய்வின் தீர்ப்பு.

10. பரிந்துரை

வாசகர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே மைதாவை இரண்டு பொட்டலமாக வாங்கி, ஒன்றின் மேல் ‘பசைக்கு’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும். மயில்துத்தம் கலந்த சட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வைக்கவும். பக்கத்து வீட்டுத் தூக்கு உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடவும்.