கருகல் இயல்: தன்னாமுனைத் தட்டுகளை முன்வைத்து

நத்தாருக்கு மறுநாள் தன்னாமுனையில் கள ஆய்வுக்கு உகந்த நாள். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் போகும் வழியில், வாவியை ஒட்டிய கத்தோலிக்க ஊர் இது. வளனார் கோயிலில் நடுச்சாமப் பூசை முடிந்து, கேக்கும் தீர்ந்தபின் கிணற்றடியில் மிஞ்சுவன தட்டுகளே. அவற்றின் மூலைகளில் ஒட்டியிருப்பதே இவ்வாய்வின் பொருள்.

அது அழுக்கு என்பது பூர்வபட்சம். மறுக்கிறோம். பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குத் தப்பாத லவ் கேக்கை எடுத்துக்கொள்க: ரவை, கஜு, முட்டை, பூசணிப் பாகு, தேன். விளிம்பில் வழிந்த சீனி 160 பாகை செல்சியஸைத் தாண்டினால் முறுகும், பிறகு கரியும். தட்டில் பூசிய பட்டரோ சூட்டில் இறுகிப் பிசினாகிவிடும். சவர்க்காரம் எண்ணெயை எடுக்கும். எண்ணெயாய் இருந்து பிசினானதை எடுக்காது. ஆகவே "வடிவா மினுக்கு புள்ள, போகும்" என்னும் மாமியின் வாக்கு உரையளவையில் மட்டுமே அடங்கும்.

பொச்சும் சாம்பலும் என்பது மூத்தோர் மதம். சிரிக்க வேண்டாம்: சாம்பலின் காரம் கொழுப்பை இளக்க, அதன் துகள் சுரண்டும். இளையோர் கம்பிநார்க்காரர். அது கருகலையும் எடுக்கும், தட்டையும் எடுக்கும். அடுத்த நத்தார் கேக் அந்தக் கீறல்களிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்பச்சோடா இரட்டை வேடதாரி. குழைத்துப் பூசி ஊறவிட்டால் சாது. கொதிநீரில் போட்டாலோ சலவைச் சோடாவாக மாறி, வெள்ளியாய் மின்னிய அலுமினியத் தட்டைக் கறுக்கடித்துவிடும். தேசிக்காயோ பழப்புளியோ இட்டுக் கொதிக்கவைத்தால் தட்டின் நிறம் திரும்பும். மாமியின் முகம் திரும்புமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தட்டின் அடிப்புறக் கறுப்பு வேறு சாதி. பேக்கரியில் பாண் தட்டுகளைக் கவனியுங்கள், கறுத்தே கிடக்கும். கறுத்த தகடு போறணைச் சூட்டை நன்றாக வாங்கிப் பாணின் அடியைச் சிவக்க வைக்கும். மினுக்கிய தகடு சூட்டைத் திருப்பியடிக்கும். அந்த அடிக்கறுப்பை உரஞ்சி உரஞ்சிக் கை நோவெடுப்பது வீண்வேலை.

இனித் தீர்ப்பு. உள்ளே சுடுநீரும் சவர்க்காரமும் ஊற்றி விடியும்வரை ஊறவிட்டு, பொச்சால் தேயுங்கள். வெளியே கைவைக்காதீர்கள். இரவல் தட்டானால் மட்டும் பௌதிகம் பேசாமல் இரு பக்கமும் மினுக்கிக் கொடுத்துவிடுங்கள்.